கத்திரி வெயில், முதல் மழை: மதுரைப் பக்கம் மாடு, ஆடு வளர்க்கிறவங்க கண்டது

மேலூர், கறவை மாடு

கத்திரியில எல்லாரும் உச்சி வெயிலைப் பார்த்துட்டு ராத்திரியை விட்டுடுறாங்க. பகல்ல ஏறின சூட்டை மாடு ராத்திரிதான் இறக்கும். நம்ம நாட்டு இனமான புலிக்குளம் கிடைமாட்டுக்கு மர நிழலே போதும். ஜெர்சி, எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃபிரீசியன்) மாதிரி சீமை மாட்டுக் கலப்பு அப்படித் தாங்காது. தாழ்வான ஆஸ்பெஸ்டாஸ் கூரை, நாலு பக்கமும் அடைச்ச சுவர்னா விடிய விடிய மூச்சு வாங்கும், பாலும் கொழுப்பும் இறங்கிடும். கூரை மேல தென்னங்கீற்றைப் பரப்பி, பக்கவாட்டைத் திறந்து விடுங்க.

விலா ஏறி இறங்குறதை ஒரு நிமிஷம் எண்ணுங்க. நிழல்ல நிக்கிற மாட்டுக்கு 60 தாண்டினா சூடு ஏறுதுன்னு அர்த்தம். 80-க்கு மேல போய், வாயைத் திறந்து நாக்கைத் தொங்கப்போட்டா ஆபத்து. ஆசனவாய்ல தெர்மாமீட்டர் வச்சா 101.5 டிகிரி சாதாரணம். 104 தாண்டினா உடம்பு முழுக்க நனையத் தண்ணி ஊத்தி ஃபேனைப் போடுங்க, 103-க்கு வந்ததும் ஊத்துறதை நிறுத்துங்க. காத்து இல்லாம தண்ணி மட்டும் தெளிச்சா கொட்டகை புழுங்குமே தவிர சூடு இறங்காது. ஈரச் சாக்கை முதுகுல போத்தாதீங்க, காத்து வர்ற பக்கம் தொங்க விடுங்க. விழுந்து கிடக்கிற மாட்டுக்கு வாயில தண்ணி புகட்டவே கூடாது, நுரையீரலுக்குள்ள போயிடும்.

வைக்கோல் செரிக்கும்போது வயித்துல சூடு கூடும். அதனால வைக்கோலை சாயங்காலம் 6 மணிக்கு மேல போடுங்க, பசுந்தீவனத்தை விடியக்காலை. தாது உப்பு 50 கிராம், கல்லுப்பு 30 கிராம் தினமும் சேரணும். கறவை மாடு கோடையில 80 லிட்டருக்கு மேலயும் குடிக்கும். ஆனா தொட்டி வெயில்ல இருந்து தண்ணி சுட்டா வாயை வைக்காது.

உசிலம்பட்டி, மானாவாரி

மேலூர் அண்ணன் சொன்னது வெயிலுக்கு. வெயிலை விட நான் பயப்படுறது அதுக்கு அடுத்து வர்ற முதல் மழைக்குத்தான். வாடி நின்ன சோளத்துலயும், மழைக்கப்புறம் அறுத்த கட்டையில வர்ற துளிர்லயும் சயனைடு நஞ்சு ஏறியிருக்கும். பசியோட அவிழ்த்துவிட்ட மாடு அவுக் அவுக்குன்னு தின்னுச்சுன்னா, கால் மணி நேரத்துக்குள்ளயே தள்ளாடி, மூச்சு முட்டி விழுந்திரும். டாக்டர் சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தயோசல்பேட்டும் நரம்புல ஏத்தணும், கைவைத்தியத்துக்கு நேரமில்ல. உடனே கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் 1962-க்குப் போன் போடுங்க.

சோளத்தைப் பூ எடுத்த பிறகு அறுங்க. அறுத்ததை நல்லாக் காயவிட்டுப் போட்டா நஞ்சு குறையும். கட்டைத்துளிர் இடுப்பு உயரம் வர்ற வரைக்கும் அந்தக் காட்டுப் பக்கமே மாட்டை விடாதீங்க. பக்கத்துக் காட்டுச் சோளமும் கணக்குல இருக்கட்டும், கயித்தை அறுத்துக்கிட்டுப் போற மாடு வரப்புப் பார்க்காது.

திருமங்கலம், செம்மறி

ஆட்டுக்கு அந்த மழையில வர்றது துள்ளுமாரி நோய். காஞ்ச புல்லை மேஞ்ச வயிறு, திடீர்னு இளம்புல்லை நிறையத் தின்னா குடல்ல கிருமி பெருகி விஷம் கக்கும். கொழுத்த குட்டிதான் முதல்ல போகும். சாயங்காலம் நல்லா மேஞ்சது காலையில பட்டியில செத்துக் கிடக்கும். வந்த பிறகு காப்பாத்துறது அபூர்வம், தடுப்பூசிதான் வழி. முதல் தடவை போடுற குட்டிக்கு 14 நாள் கழிச்சு இன்னொரு ஊசியும் வேணும். எதிர்ப்பு வரவும் நாளாகும், அதனால மழைக்கு ஒரு மாசம் முன்னாடியே ஆரம்பிங்க. மழை பெஞ்ச வாரம் கொஞ்சம் கடலைக்கொடியைக் கொடுத்து வயித்தை நிரப்பி, பனி காஞ்ச பிறகு ஓட்டுங்க.

ஐப்பசி, கார்த்திகையில உதடு வீங்கி, மூக்கு ஒழுகி, ஆடு நொண்டினா நீலநாக்கு நோய். அது கொசு மாதிரி பொடிப்பூச்சி கடிச்சுப் பரவுறது. பட்டியை மேட்டுக்கு மாத்துங்க, புழுக்கையும் சேறும் தேங்க விடாதீங்க, பொழுது சாய்ஞ்சதும் வேப்பிலைப் புகை போடுங்க.

அலங்காநல்லூர்

இன்சூரன்ஸ் போட்ட மாடு செத்தா, டாக்டர் வந்து பிரேதப் பரிசோதனை பண்ற வரைக்கும் புதைக்காதீங்க. காது வில்லை நம்பர் தெரியுற மாதிரி முகத்தோட சேர்த்துப் போட்டோ எடுத்து வைங்க. வில்லை விழுந்து போயிருந்தா பணம் வராது, அதனால மழைக்காலத்துக்கு முன்னாடியே காதைப் பார்த்து, இல்லைன்னா புது வில்லை மாட்டி கம்பெனிக்கு எழுதிக் கொடுத்திருங்க.