காந்தம் ஒட்டி ஆஃப் செய்தும் பேட்டரி தீர்ந்துவிடுகிறது, ஏன்?

ஈரமண்:
தண்ணீருக்கடியில் கிடந்து வெப்பநிலையைப் பதிவு செய்யும் ஒரு சிறு கருவி செய்கிறேன். கடைசியில் எல்லாவற்றையும் எபாக்சி (கல்லாக இறுகும் பசை) ஊற்றி மூடிவிடுவேன், அதனால் பேட்டரியை மாற்றவே முடியாது. முன்பு ஸ்விட்சுக்கு ஓட்டை போட்ட இரண்டு பெட்டிகளிலும் ரப்பர் வாஷர் வழியாகத் தண்ணீர் கசிந்து போர்டு பச்சை பூத்துவிட்டது. இம்முறை உள்ளே ஏ3144 ஹால் சென்சார் (காந்தத்தை உணரும் சிப்) வைத்தேன். வெளியே காந்தம் ஒட்டியிருந்தால் ஆஃப், எடுத்தால் ஆன். யுஎஸ்பி 5 வோல்ட்டில் அருமையாக ஓடியது. மூன்று ஏஏ செல் போட்டு ஆஃபிலேயே வைத்திருந்தேன்; மூன்று வாரத்தில் காலி. கடைசி நாட்களில் காந்தம் இருக்கும்போதே தானாக ஆன் ஆனது. எங்கே தவறு?

மைக்ரோஆம்பியர்:
சென்சார்தான் காரணம். ஏ3144 ஓயாமல் சில மில்லி ஆம்பியர் இழுக்கும். 5 என்று வைத்தாலும் 2500 மில்லி ஆம்பியர்-மணி செல் 500 மணி நேரம்தான் வரும். உங்கள் மூன்று வாரம் அதுதான். அந்த சென்சாருக்குக் குறைந்தது 4.5 வோல்ட் வேண்டும், மூன்று ஏஏ செல் சேர்ந்து தருவதே ஏறக்குறைய அவ்வளவுதான். செல் கொஞ்சம் இறங்கியதும் சென்சார் காந்தத்தை உணராமல் விட்டிருக்கும். நொடிக்குச் சில தடவை மட்டும் விழித்துப் பார்க்கும் மைக்ரோபவர் ஹால் சென்சார் வாங்குங்கள், சராசரி ஓரிரு மைக்ரோ ஆம்பியர்தான். லாட்ச் வகை வேண்டாம், காந்தத்தை எடுத்தாலும் அது நிலை மாறாது.

பழைய சால்டரிங்:
தம்பி, நான் ரீட் ஸ்விட்ச்தான் வைப்பேன். கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு இரும்புத் தகடு, காந்தம் வந்தால் ஒன்றையொன்று தொடும், தனக்கென்று மின்சாரமே கேட்காது. ஆனால் லோடு கரண்டை, அதாவது கருவி ஓடும் முழு மின்சாரத்தை, அதன் வழியே விடாதீர்கள். நான் 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் இருந்த போர்டை நேரடியாக அதில் கொடுத்து, முதல் பாய்ச்சலிலேயே தகடுகள் ஒட்டிக்கொண்டன. ஸ்விட்ச் வேலையை பி-சேனல் மாஸ்ஃபெட்டிடம் (மின்னணு ஸ்விட்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) விடுங்கள்; அதன் கட்டுப்படுத்தும் காலான கேட்டுக்கும் பேட்டரி பிளஸ் வரும் காலான சோர்ஸுக்கும் நடுவே ரீடை வையுங்கள், கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு ரெசிஸ்டர். காந்தம் வந்தால் ரீட் கேட்டையும் சோர்ஸையும் இணைக்கும், மாஸ்ஃபெட் ஆஃப். அப்புறம், எபாக்சி இறுகும்போது கண்ணாடி விரிசல் விடும். முதலில் மெல்லிய சிலிக்கோன் குழாய்க்குள் அதை நுழைத்து, இரு முனையையும் அடைத்துவிட்டு ஊற்றுங்கள். ரீடின் கம்பிக் காலை வளைக்கும்போது, வளைவுக்கும் கண்ணாடிக்கும் இடையே உள்ள கம்பியை இடுக்கியால் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஈரமண்:
மிக்க நன்றி ஐயா. ரீட் வைத்துவிட்டேன். ஆனால் வட்டக் காந்தத்தை நேர் நடுவில் வைத்தால் மட்டும் வேலை செய்யவில்லை, சற்றுத் தள்ளினால் செய்கிறது! கேட் ரெசிஸ்டர் 10 மெகா ஓம் போடலாமா?

பழைய சால்டரிங்:
நடுவில் வைத்தால் இரண்டு தகடும் ஒரே துருவமாகிவிடும், ஒன்றையொன்று இழுக்காது. ஒரு முனைப் பக்கம் தள்ளி, பெட்டியின் மேல் அந்த இடத்தில் சின்னப் பள்ளம் வெட்டிவிடுங்கள். 10 மெகா வேண்டாம். போர்டில் மிஞ்சிய ஃபிளக்ஸ் (சால்டரிங் பசை) ஈரம் பிடித்தாலே கேட் தடுமாறும். 1 மெகா போதும், ஆஃபில் 4.5 மைக்ரோ ஆம்பியர்தான். அதற்கு முன்பே செல் தானாக வயதாகிவிடும். ஊற்றுவதற்கு முன் போர்டை ஆல்கஹாலால் கழுவிக் காயவையுங்கள்.