கைனெசின் தடம்: என்ட்ரோபி உற்பத்தியின் கீழ்வரம்பு அடிக்கு 1.33 தான் வருகிறது, எங்கே தவறு?

கேள்வி (சாட்ஸ்வர்த், டர்பன்):
வணக்கம். கைனெசின் என்பது ஏடிபி என்ற எரிபொருள் மூலக்கூறைச் செலவழித்து அடியெடுத்து நகரும் மோட்டார் புரதம். அது இழுக்கும் மணியின் (நுண்ணிய உருண்டை) இடம் மட்டுமே தெரிகிறது. ஏடிபி சுழற்சியின் உள்நிலைகள் எதுவும் தெரியாது. 30 மணிகள், சுமை இல்லை, ஏடிபி தாராளம். அடி 8 நேனோமீட்டர், நொடிக்கு 100 அடி. பாராட்டோ, சைஃபர்ட் 2015இல் சொன்ன நிச்சயமின்மை உறவை (என்ட்ரோபி உற்பத்தி, அதாவது வெப்பமாக வீணாகும் ஆற்றல், குறைந்தது 2 × சராசரி² ÷ வேரியன்ஸ்; வேரியன்ஸ் என்பது சிதறலின் அளவு) 1 நொடித் துண்டுகளுக்குப் போட்டேன். சராசரி 100, வேரியன்ஸ் 150, அடிக்கு 1.33 கேபிடி (kT, வெப்ப ஆற்றலின் அலகு). ஓர் ஏடிபியே 20 கேபிடி அளவுக்குத் தருமே?

பதில் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):
தம்பி, சூத்திரம் சரி. எல்லா மணிகளையும் ஒரே குவியலாகப் போட்டீர்களா? அதே தரவை 0.2 நொடியாக நறுக்கிப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
ஒரே குவியல்தான் அக்கா. 0.2 நொடிக்குச் சராசரி 20, வேரியன்ஸ் 14. இப்போது 2.86. எதை நம்புவது?

பதில் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):
இரண்டையும் வேண்டாம். மோட்டாரின் சொந்தச் சிதறல் நேரத்தோடு நேராக வளரும். ஒரு மணிக்கும் இன்னொரு மணிக்கும் வேகம் மாறினால் வரும் சிதறல் நேரத்தின் வர்க்கமாக வளரும். உங்கள் இரண்டு வேரியன்ஸ்களையும் சேர்த்துத் தீர்த்தால் அடிக்கு 0.5 சொந்தச் சிதறல், மீதி 10 சதவீத வேக வேறுபாடு. லோட் ஷெடிங்கில் ஏசி நின்று அறை சூடேறியபோது எடுத்த மணிகளைத் தனியே பாருங்கள். சூடு ஏறினால் வேகமும் ஏறும். திருத்திய வரம்பு 2 ÷ 0.5, அதாவது 4.

ஒவ்வொரு மணியின் ஓட்டத்திலும் அதன் சொந்தச் சராசரியைக் கழித்து வேரியன்ஸ் காண்பதானால், 5 துண்டுகளுக்கு 4ஆல் வகுக்க வேண்டும். 5ஆல் வகுத்தால் வரம்பு பொய்யாக 5 ஆகிவிடும்.

பதில் (லேனேசியா):
4க்கு மேலும் போகலாம். பின்னடிகளை எண்ணினீர்களா?

கேள்வி கேட்டவர்:
முன்னடி 4000, பின்னடி 5.

பதில் (லேனேசியா):
விகிதம் 800, அதன் இயல்மடக்கை 6.7. இதுவும் அடிக்கு ஒரு கீழ்வரம்புதான். வெறும் 5 எண்ணிக்கை என்பதால் பிழை சுமார் 0.45. பின்னடி ஒன்றுகூட இல்லையென்றால் முடிவிலி என்று எழுதிவிடாதீர்கள். 95 சதவீத உறுதியோடு பின்னடி வாய்ப்பு 3 ÷ 4000க்குக் கீழ் என்று மட்டும் சொல்லலாம், வரம்பு 7.2.

இங்கேதான் கவனம் தேவை. கேமரா இரைச்சல் வேரியன்ஸைக் கூட்டி அக்கா சொன்ன வரம்பைக் குறைக்கும். அது பாதுகாப்பான பக்கத் தவறு. ஆனால் தடத்தை அதிகமாக வழவழப்பாக்கினால் குறுகிய பின்னடிகள் மறைந்து விகிதம் ஊதிப்போகும், கீழ்வரம்பு என்ற பெயரே பொய்யாகும். தெரிந்த விகிதத்தில் பின்னடி வைத்துச் செயற்கைத் தடம் ஒன்று செய்து, அதே வடிகட்டியில் ஓட்டி, எத்தனை பின்னடி தப்பிப் பிழைக்கிறது என்று முதலில் பாருங்கள்.

20க்கும் 6.7க்கும் உள்ள இடைவெளி பிழையல்ல. பின்னடி வைக்கும்போதும் மோட்டார் ஏடிபியைச் செலவழிக்கலாம். இடத்தை மட்டும் பார்ப்பவருக்கு அந்தச் செலவு தெரியாது. ஆய்வேட்டில் ‘குறைந்தது 6.7’ என்றே எழுதுங்கள்.