ஜெர்சி எண்ணோடு போட்ட கையெழுத்து

ஃபுளோரிடாவிலிருந்து ஓர் உறுப்பினர்

தெற்கு ஃபுளோரிடாவில் வருமான வரிக் கணக்குத் தயாரித்துக் கொடுக்கும் ஒரு சிறிய அலுவலகத்தில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தேன். அந்த மாநிலத்தில் தனிநபர் வருமான வரி கிடையாது என்பதால் விளையாட்டு வீரர்கள் பலர் அங்கே வீடு வாங்கிக் குடியேறுவது வழக்கம். நல்ல நிலையில் இருக்கும் வீரர்கள் எங்களைப் போன்றவர்களிடம் வரமாட்டார்கள். அவர்களுக்கென்று பெரிய நிறுவனங்கள் உண்டு. எங்களிடம் வந்தவர்கள் எல்லாம் கைவிட்டுப் போன பிறகு வந்தவர்கள். அவர்களில் ஒருவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். அமெரிக்கக் கால்பந்தில் ஆறு பருவங்கள் ஆடியவர் என்பதற்கு மேல் அவரை அடையாளம் காட்டும் எதையும் சொல்லப்போவதில்லை.

2013 மார்ச் மாதத்தில் ஒரு மாலை, அலுவலகத்தைப் பூட்டும் நேரத்தில், பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே இருந்தவை கடித உறைகள், முக்கால்வாசி பிரிக்கப்படாதவை. அவருடைய வலது கை மோதிர விரல் நடுக்கணுவில் வெளிப்பக்கமாக வளைந்து போயிருந்தது. ஆட்டத்தில் பலமுறை இடம் பெயர்ந்து, ஒவ்வொரு முறையும் மைதான ஓரத்திலேயே இழுத்துக் கட்டப்பட்ட விரல் அது என்றார். உறையின் ஓரத்தை அந்த விரல்களால் கிழிக்க முடியாமல் அவர் திணறியதைப் பார்த்து, நானே கத்தியை எடுத்து ஒவ்வொன்றாகப் பிரித்து மேசையில் அடுக்கினேன். ஏன் இத்தனை நாள் பிரிக்கவில்லை என்று கேட்டதற்கு, "முதல் கடிதத்தைப் படித்த அன்று இரவு முழுவதும் தூக்கம் வரவில்லை, அதற்குப் பிறகு வந்தவற்றைப் பெட்டியில் போட்டுவிட்டேன்" என்றார். அவரை விட இருபது வயது மூத்தவன் நான். அவர் என்னைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்தே பேசினார்.

உண்மையைச் சொன்னால், கார்களுக்கும் கைக்கடிகாரங்களுக்கும் ஆன ரசீதுகள்தான் அதில் நிறைந்திருக்கும் என்று நானும் எதிர்பார்த்தேன். மைக் டைசன் 2003-இல் நியூயார்க்கில் திவால் மனு கொடுத்தபோது உலகம் பேசியது அவர் வளர்த்த புலிகளைப் பற்றியும் வாங்கிய நகைகளைப் பற்றியும்தான். ஆனால் அந்த மனுவில் காட்டப்பட்ட கடனில் பெரும்பகுதி அமெரிக்க, பிரிட்டிஷ் வரித் துறைகளுக்குச் சேர வேண்டியதும் மணமுறிவுத் தீர்வுக்கு உரியதுமாகும். எங்கள் மேசையில் அன்று இரவு குவிந்த காகிதங்களும் அதே கதையைத்தான் சொல்லின. ஆடம்பரச் செலவு என்று ஒதுக்கிய குவியல் எல்லாவற்றிலும் சிறியதாக இருந்தது. இரண்டு கார்கள், ஒரு கடிகாரம், ஒரு பிறந்தநாள் விருந்து, அவ்வளவே.

பெரிய குவியல் அவர் மற்றவர்களுக்காகப் போட்ட உத்தரவாதக் கையெழுத்துகளுடையது. நம் ஊரில் ஜாமீன் போடுவது என்போமே, அதேதான். ஒன்றுவிட்ட சகோதரர் தொடங்கிய உணவகம், பள்ளிக் காலத்தில் கூட ஆடியவரின் கார் கழுவும் நிலையம், இடைத்தரகர் ஒருவர் காட்டிய குடியிருப்புக் கட்டடம் உட்பட நான்கு கடன்கள். நான்கிலும் கடன் வாங்கியவர் வேறு, கையெழுத்து இவருடையது. அந்தக் கையெழுத்துகளை என்னால் மறக்க முடியவில்லை. அகலமான, சுழித்துச் சுழித்து எழுதிய பெயர். அதன் வால் முடியும் இடத்தில் அவருடைய ஜெர்சி எண். ரசிகர்களின் தொப்பிகளிலும் பந்துகளிலும் ஆயிரக்கணக்கில் போட்டுப் பழகிய கை, வங்கியின் பத்திரத்திலும் அதையே போட்டிருந்தது. பயிற்சி முடிந்து வியர்வை காயாத நேரத்தில், உடை மாற்றும் அறைக்கு வெளியே, மஞ்சள் ஒட்டுத்தாள் குத்திய பக்கங்களில் மட்டும் போடச் சொன்னார்கள் என்றார். படித்துப் பார்த்தீர்களா என்று நான் கேட்கவில்லை. கேட்பது கொடுமையாக இருந்திருக்கும்.

2008-இல் வீட்டு விலைகள் சரிந்தபோது கடன் வாங்கியவர்கள் கைவிரித்தார்கள். வங்கிகள் இவரைத் தேடி வந்தன. கூடைப்பந்து வீரர் ஆன்டுவான் வாக்கருக்கு நேர்ந்ததும் இதுவே. சம்பளமாக மட்டும் 108 மில்லியன் டாலர் ஈட்டியவர், 2006-இல் மயாமி அணியோடு கோப்பையை வென்றவர், சிகாகோவில் தம்முடைய சொந்த உத்தரவாதத்தின் பேரில் வாங்கிய கட்டடங்களோடு மூழ்கி 2010-இல் திவால் மனு கொடுத்தார். கோப்பைக்காகக் கிடைத்த மோதிரத்தையும் விற்க வேண்டியதாயிற்று. அவர் சூதாடியதையும் வாரி இறைத்ததையும் பலரும் எழுதியிருக்கிறார்கள். அவை உண்மையே என்றாலும், ஒரு மனிதனின் கைக்கு எட்டாத தூரத்துக்குக் கடனைக் கொண்டுபோய் நிறுத்துவது ஜாமீன்தான் என்பது என் அனுபவம். செலவழித்த காசு அன்றோடு போய்விடும். ஜாமீன் அப்படியல்ல, சம்பளம் நின்ற பிறகு வந்து கதவைத் தட்டும்.

சம்பளம் எப்படி நிற்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அவர் ஆடிய காலத்தில் ஆண்டுச் சம்பளம் பருவத்தின் 17 வாரங்களுக்கு 17 காசோலைகளாக வந்தது. செப்டம்பரில் தொடங்கிப் புத்தாண்டை ஒட்டி முடிந்துவிடும். மீதி மாதங்களுக்கு ஒன்றும் வராது. ஒரு மில்லியன் டாலர் என்று செய்தித்தாளில் வந்தால், மத்திய வரியின் உச்ச விகிதம் அப்போது 35 சதவீதம்; ஏஜெண்டுக்கு 3 சதவீதம் வரை; வருமான வரி உள்ள வெளி மாநிலத்தில் ஆடிய ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அந்த மாநிலத்தின் வரி தனி. பாதிக்குச் சற்று மேல் கையில் நிற்கும். ஒப்பந்தத்தில் ஐந்தாண்டு என்று எழுதியிருந்தாலும், உத்தரவாதம் தரப்படாத பகுதியை அணி எந்தக் கோடையிலும் நிறுத்திக்கொள்ளலாம். வீரர் சங்கமே சொல்லும் சராசரி ஆட்டக் காலம் ஏறத்தாழ 3.3 ஆண்டுகள். இவர் ஆறு பருவங்கள் ஆடியது கொடுப்பினை. விடுவிக்கப்பட்டபோது வயது 28. பிழைப்புக்கு வேறு எந்தத் தொழிலையும் கற்றிருக்கவில்லை.

அடுத்த குவியல் பிள்ளைகளின் பராமரிப்புத் தொகை. 2007-இல், சம்பளம் உச்சத்தில் இருந்தபோது, நீதிமன்றம் மாதத் தொகையை நிர்ணயித்தது. வருமானம் நின்றவுடன் அது தானாகக் குறைந்துவிடும் என்று அவர் நம்பியிருந்தார். குறையாது. மனுப் போட்டுக் குறைக்கச் சொல்ல வேண்டும். மனுப் போடாத மாதங்களில் சேர்ந்துவிட்ட நிலுவையைப் பின்னோக்கிக் குறைக்க நீதிபதிக்கும் அதிகாரம் இல்லை. 1986-ஆம் ஆண்டிலிருந்து மத்தியச் சட்டம் அப்படி. பிள்ளைகளைப் பாதுகாக்க வந்த நல்ல சட்டம் என்பதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அதைப் பற்றி அவரிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, மூன்றாண்டுகள் ஓடிவிட்டன. திவால் ஆனாலும் அந்த நிலுவை நீங்காது.

வரிக் குவியலில் ஒரு காகிதத்தைக் கையில் எடுத்து அவர் வெகு நேரம் பார்த்தார். தாய்க்காகத் தம் பெயரில் வாங்கிய வீட்டை வங்கி பறிமுதல் செய்து விற்றது, விற்றும் தீராத கடனைத் தள்ளுபடி செய்தது, தள்ளுபடி செய்த தொகையை 1099-சி என்னும் படிவத்தில் வரித் துறைக்குத் தெரிவித்தது. தள்ளுபடியான கடன் அமெரிக்கச் சட்டப்படி வருமானம். "வீட்டையும் எடுத்துக்கொண்டு, எடுத்துக்கொண்டதற்கு நான் வரியும் கட்ட வேண்டுமா?" என்று மெதுவாகக் கேட்டார். கட்ட வேண்டாம் என்று காட்ட ஒரு வழி இருந்தது. தள்ளுபடிக்கு முந்தைய கணத்தில் சொத்தை விடக் கடன் அதிகம் என்று நிரூபித்துப் படிவம் 982 கொடுத்தால், அந்த அளவுக்கு விலக்கு உண்டு. அதற்காக அவரிடம் இருந்த ஒவ்வொரு பொருளையும் விலை போட்டு எழுத வேண்டும். இரண்டு மாலைகள் உட்கார்ந்து எழுதினோம். கட்டில், சோபா, பழைய தொலைக்காட்சி. கல்லூரியில் அணிந்த தலைக்கவசம் என்றபோது நிறுத்திவிட்டு, "இதற்கு என்ன விலை போடுவீர்கள்?" என்றார். நான் நாற்பது டாலர் என்று எழுதினேன். அவர் தலையசைத்தார்.

தொழில்முறைக் கால்பந்து வீரர்களில் 78 சதவீதம் பேர் ஓய்வு பெற்ற இரண்டே ஆண்டுகளில் திவாலாகிறார்கள் அல்லது பணநெருக்கடியில் விழுகிறார்கள் என்று 2009-இல் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழ் எழுதியதைத்தான் எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். 1996 முதல் 2003 வரை அணிகளால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் நீதிமன்றப் பதிவுகளைப் பொருளாதார ஆய்வாளர்கள் பின்னர் எடுத்துப் பார்த்தபோது, ஓய்வுக்குப் பின் 12 ஆண்டுகளில் திவால் மனு கொடுத்தவர்கள் ஏறத்தாழ 16 சதவீதம் என்று தெரிந்தது. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று: அதிகம் சம்பாதித்தவர்களும் அதிக ஆண்டுகள் ஆடியவர்களும் மற்றவர்களை விடப் பெரிதாகத் தப்பிவிடவில்லை. தொகை பெரிதானால் கேட்டு வரும் கைகளும் பெருகுகின்றன என்பதை அந்த அட்டைப்பெட்டியில் பார்த்தவன் என்பதால் அது எனக்கு வியப்பாக இல்லை.

தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து ஓர் உறுப்பினர்

ஐயா எழுதியதைப் படித்ததும் என் மாணவன் ஒருவனின் நினைவு வந்துவிட்டது. நான் உடற்கல்வி ஆசிரியர். அவனை ஏழாம் வகுப்பிலிருந்து கபடி ஆட வைத்தவன். 2014-இல் புரோ கபடி தொடங்கிய பிறகு எங்கள் பக்கத்துக் கிராமங்களில் ஆட்டத்தின் மதிப்பே மாறிப்போயிற்று. அவனை 2017-இல் ஓர் அணி எட்டு லட்சத்துக்கு எடுத்தது, அடுத்த பருவத்தில் பதினெட்டு லட்சம். ஊரே பேனர் வைத்தது. அந்த இரண்டு பருவங்களுக்கு இடையில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் அரசு வேலை வந்தது. மாதச் சம்பளம் சிறிதாகத் தெரிந்ததால் போகவில்லை. போடா தம்பி என்று நான் கட்டாயப்படுத்தியிருக்க வேண்டும். அவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, உன் விருப்பம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வரி விஷயத்தில் அவன் விழுந்ததும் அறியாமையால்தான். அணிகள் பணம் தரும்போதே 10 சதவீதம் வரி பிடித்துக்கொள்கின்றன. எட்டு லட்சம் வாங்கிய ஆண்டில் அந்தப் பிடித்தமே போதுமானதாக இருந்தது, அதனால் வரிக் கதை அதோடு முடிந்தது என்று நினைத்துவிட்டான். பதினெட்டு லட்சத்துக்குப் பிடித்ததைப் போல இன்னொரு மடங்கு கட்ட வேண்டியிருந்தது. நோட்டீஸ் வந்தபோது பணம் இல்லை. தங்கையின் கல்யாணத்திலும் வீட்டுக்கு மேல்தளம் போட்டதிலும் முடிந்திருந்தது. அதற்கு மேல் மூன்று பேருக்குச் சீட்டு எடுக்க ஜாமீன் போட்டிருந்தான். "சார், மாமா கேட்கும்போது எப்படி சார் முடியாதுன்னு சொல்றது" என்றான். 2019-இல் முழங்கால் தசைநார் கிழிந்தது. பிறகு எந்த அணியும் அவனை ஏலத்தில் கேட்கவில்லை.

பவன் செராவத்தைத் தமிழ் தலைவாஸ் 2022-இல் 2.26 கோடிக்கு எடுத்து, முதல் ஆட்டத்திலேயே அவர் முழங்கால் காயத்தால் அந்தப் பருவத்தையே இழந்தார். அடுத்த ஏலத்தில் அவருக்கு அதை விடக் கூடுதலான விலை கிடைத்தது. உச்சியில் இருப்பவருக்காகக் காத்திருப்பார்கள். பதினெட்டு லட்சத்துக்கு ஆடியவனுக்காக யாரும் காத்திருப்பதில்லை. இப்போது அவன் ஓர் அரிசி ஆலையில் மூட்டைக் கணக்கு எழுதுகிறான். மாலையில் என் பள்ளிக்கு வந்து பிள்ளைகளுக்குப் பிடி கற்றுக்கொடுக்கிறான். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று அவனிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன், ஆனால் எப்படித் தூற்றுவது என்று ஒருநாளும் சொல்லிக்கொடுத்ததில்லை. அமெரிக்காவில் இதையெல்லாம் வீரர்களுக்கு யாராவது கற்றுத் தருகிறார்களா என்று ஐயா எழுதினால் நன்றாக இருக்கும்.

ஃபுளோரிடா உறுப்பினரின் பதில்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். கற்றுத் தருகிறார்கள். கூடைப்பந்துச் சங்கம் 1986 முதல் புதிய வீரர்களுக்குப் பயிற்சி முகாம் நடத்துகிறது. கால்பந்திலும் 1997-இல் அது வந்தது. நான் சொன்னவர் அந்த முகாமில் உட்கார்ந்திருந்தவர்தான். அப்போது வயது 22, முதல் காசோலை இன்னும் வரவில்லை, அணியில் இடம் நிற்குமா என்ற கவலையைத் தவிர வேறொன்றும் மனத்தில் ஓடவில்லை என்றார். பாடம் நடந்தது, பாடம் தேவைப்பட்ட நாளில், அந்த மஞ்சள் ஒட்டுத்தாள் பக்கங்களுக்கு எதிரில் அவர் உட்கார்ந்த நாளில், பக்கத்தில் யாரும் இல்லை. உங்கள் மாணவனுக்கும் அடுத்து ஏலத்துக்குப் போகும் பிள்ளைகளுக்கும் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பும் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் ஓர் இரவு வைத்திருக்கப் பழக்குங்கள். சொந்தக்காரர் கேட்டாலும் அந்த ஓர் இரவு வேண்டும். 'சாரிடம் காட்டிவிட்டுப் போடுகிறேன்' என்று சொல்வது, மாமாவிடம் முடியாது என்று சொல்வதை விட எளிது.

படிவம் 982 ஏற்கப்பட்டது. வீட்டுக் கடனுக்கான வரி அவர் மேல் விழவில்லை. ஜாமீன் கடன்கள் திவாலில் தீர்ந்தன. உயர்நிலைப் பள்ளி ஒன்றில் உதவிப் பயிற்சியாளராக இருக்கிறார். நான் அந்த அலுவலகத்தை விட்டு வந்த பிறகும் அவருடைய கணக்கை ஆண்டுதோறும் நானே எழுதுகிறேன். இப்போதெல்லாம் உறைகளைப் பிரித்து, தேதி வாரியாக அடுக்கி, கிளிப் போட்டுக் கொண்டு வருகிறார். பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போய்விட்டார்கள், பராமரிப்பு நிலுவை மட்டும் இன்னும் நிற்கிறது. ஒவ்வோர் ஆண்டும் வரித் துறை அவருக்குத் திருப்பித் தர வேண்டிய தொகையைக் கணக்கிட்டுச் சொல்வேன், அதை எழுதிக்கொள்வார். இந்த ஏப்ரலிலும் அது அவர் கைக்கு வராமல் நேராக அந்த நிலுவைக்கே போயிற்று.