இழை: கோல்ஃப் ‘ஸ்விங்’ – வீச்சா, ஓங்கலா, ஓக்கமா?

கல்லடியிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கையேட்டை முடித்துக் கொடுக்க வேண்டும். உடற்கல்வி ஆசிரியர் பயிற்சிக்கானது, அதில் கோல்ஃப் ஒரு சிறிய அலகு. கிழக்கில் சீனக்குடா விமானப்படைத் தளத்தில் ஒரு திடல் இருக்கிறது. என் மாணவர்கள் தொலைக்காட்சியில்தான் கண்டிருக்கிறார்கள். பயிற்சிக்குக் கையில் இருப்பது பழைய ஹொக்கி மட்டை. அதைச் சமாளிக்கலாம், தமிழைத்தான் சமாளிக்க முடியவில்லை. முதல் வரைவில் இப்படி இருக்கிறது: “பின் ஊஞ்சலின் உச்சியிலிருந்து கீழ் ஊஞ்சலை இடுப்பு தொடங்க வேண்டும்.” இதை வகுப்பில் வாசித்தால் நான் எழும்பி வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

ஸ்விங் (மட்டையைச் சுழற்றி அடிக்கும் முழு அசைவு), பக்ஸ்விங் (மட்டையைப் பின்னால் உயர்த்துவது), டவுன்ஸ்விங் (அதைப் பந்துக்கு இறக்குவது), ஃபொலோ த்ரூ (பந்தை அடித்த பிறகும் தொடரும் அசைவு), லாக் (மட்டைத் தலை கைக்குப் பிந்தி வருவது). இந்த ஐந்துக்கும் சொல் தாருங்கள்.

காரைதீவிலிருந்து:

தங்கைச்சி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பேசு – பேச்சு, ஏசு – ஏச்சு, மூசு – மூச்சு, வீசு – வீச்சு. பின்வீச்சு, முன்வீச்சு, தொடர்வீச்சு என்று அடுக்கிக்கொண்டே போகலாம். 1936ல் சென்னையில் கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலானந்த அடிகள் பிறந்த ஊரில் இருந்துகொண்டு ‘பக்ஸ்விங்’ என்று எழுத எனக்குக் கை வராது.

அதோடு, முதலில் தலைப்பைத் திருத்துங்கள். ‘கோல்ஃப்’ என்பதில் ஆய்தம் எங்கே நிற்கிறது பாருங்கள். குற்றெழுத்துக்குப் பின், உயிரேறிய வல்லினத்துக்கு முன் என்பது தொல்காப்பியர் விதி. இங்கே முன்னே நிற்பது ‘ல்’, பின்னே நிற்பது வெறும் ‘ப்’. இரண்டு பக்கமும் பிழை. குழிப்பந்தாட்டம் என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது.

வந்தாறுமூலையிலிருந்து:

மாஸ்டர், ஆய்தத்தைப் பிறகு பார்ப்போம். ‘வீச்சு’ பௌதிகத்தில் ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. எறியம் விழும் தூரத்தை நாங்கள் கிடைவீச்சு என்றுதான் படிப்பிக்கிறோம். கோல்ஃபில் கடைசியில் பேசப்போவதே பந்து போகும் தூரத்தைத்தான். “வீச்சு திருந்தினால் வீச்சு கூடும்” என்று எழுதப் போகிறீர்களா?

வரைவில் இன்னொன்றும் கண்டேன். ‘பவர்’ என்பதற்குத் ‘திறன்’ என்று இருக்கிறது. அது தமிழ்நாட்டுப் பாடநூல் வழக்கு. இலங்கையில் அது வலு. திறன் என்றால் நம் பிள்ளைகள் வேறொன்றை விளங்கிக்கொள்வார்கள். இதை மட்டுமாவது உடனே மாற்றுங்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து:

நான் டுபாயில் ஒரு கோல்ஃப் திடலில் புல் பராமரிப்பு வேலை செய்தவன். பயிற்சியாளர்கள் சொல்லிக்கொடுப்பதைப் பக்கத்தில் நின்று கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது. மாஸ்டர் சொல்லும் பின்வீச்சில் ஒரு சிக்கல் இருக்கிறது. அங்கே எதையும் வீசுவதில்லை. மட்டையை உயர்த்துகிறோம், தோள் திரும்புகிறது, உடம்பு முறுகுகிறது. அடிக்க ஆயத்தம், அவ்வளவுதான். நம் ஊரில் அதற்கு ஓங்குதல் என்போம். பிறகு வருவதுதான் வீச்சு. ஆக ஓங்கல், வீச்சு என்று இரண்டு சொல் போதும்.

வேகமும் வேறு வேறு. தேர்ந்த ஆட்டக்காரர் ஓங்க எடுக்கும் நேரம், மட்டையை இறக்கிப் பந்தைத் தொட எடுக்கும் நேரத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. புதிதாக வருகிறவர் ஓங்கும்போதே அவசரப்படுவார், அதனால் ஒவ்வொரு அடியும் ஒவ்வொரு மாதிரிப் போகும். இரண்டையும் ‘வீச்சு’ என்று ஒரே பெயரில் கட்டினால் பிள்ளைகளும் இரண்டையும் ஒரே வேகத்தில்தான் செய்வார்கள்.

காரைதீவிலிருந்து:

ஓங்கல் என்றால் மலை. “ஓங்கலிடை வந்து உயர்ந்தோர் தொழ விளங்கி” என்று பள்ளியில் படித்ததெல்லாம் எங்கே போயிற்று? தண்டியலங்கார உரையில் சூரியனையும் தமிழையும் சேர்த்துச் சொல்லும் பாட்டு அது. மலையைத் தூக்கிக்கொண்டு பந்தடிக்க முடியாது.

ஆனால் அக்கரைப்பற்றுக் காக்கா (அண்ணன்) தொட்டுக் காட்டிய வேர் நல்ல வேர். ஏங்கு – ஏக்கம், தேங்கு – தேக்கம், வீங்கு – வீக்கம். அப்படியானால் ஓங்கு – ஓக்கம். உயர்ச்சி என்ற பொருளில் அகராதியிலும் உண்டு. ஓக்கம், வீச்சு, தொடர்ச்சி. எவ்வளவு அழகு!

வந்தாறுமூலையிலிருந்து:

ஓக்கம் என்று சொன்னதும் வகுப்பில் கடைசி வாங்கில் இருக்கிறவன் ஓக்காளித்துக் காட்டுவான். மாஸ்டர் இளைப்பாறி நாளாகிவிட்டது, மறந்திருப்பார்.

வாழைச்சேனையிலிருந்து:

ஐந்து சொல் கேட்டார்கள், ‘லாக்’ பற்றி ஒருவரும் வாயே திறக்கவில்லை. அதை அப்படியே தமிழ் எழுத்தில் போட்டால் பூட்டு என்றுதான் வாசிப்பார்கள். என் பரிந்துரை சுணக்கம்.

வாவியில் வலை வீசுகிறவரைப் பாருங்கள். முதலில் இடுப்பு திரும்பும், பிறகு தோள், பிறகு கை. வலை கடைசியாகத்தான் கையை விட்டுப் போய் விரியும். கையை முதலில் உதறினால் வலை சுருண்டு காலடியில் விழும். காக்கா சொல்லும் வீச்சிலும் அதே ஒழுங்குதான் என்று நினைக்கிறேன், சரியா?

அக்கரைப்பற்றிலிருந்து:

அதேதான். இடுப்பு, நெஞ்சு, கை, கடைசியில் மட்டைத் தலை. ஓங்கியபோது மணிக்கட்டில் விழுந்த மடிப்பைப் பந்துக்குக் கிட்ட வரும்வரை அவிழ்க்கக் கூடாது. மட்டைத் தலைக்கு வேகம் அதிலிருந்துதான் வருகிறது. மேலேயிருந்தே அவிழ்த்துவிட்டால் எவ்வளவு முக்கி அடித்தாலும் பந்து போகாது. ஆனால் ‘சுணக்கம்’ கொஞ்சம் இடிக்கிறது. பஸ் சுணங்கினால் ஏசுகிறோம். இங்கே சுணக்கம் நல்ல விடயம்.

காரைதீவிலிருந்து:

பிந்தல் என்று போடலாம். அல்லது கடைநெகிழ்வு.

வாழைச்சேனையிலிருந்து:

கடைநெகிழ்வு என்றால் ஏதோ வியாதியின் பெயர் போல இருக்கிறது, மாஸ்டர். ‘மணிக்கட்டுச் சுணக்கம்’ என்று அடைகொடுத்து எழுதினால் ஏச்சுப் போய்விடும்.

கல்லடியிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. நாளை அச்சுக்குப் போகிறது, இனித் தாங்காது. இப்போதைக்கு ஓங்கல், வீச்சு, தொடர்வீச்சு, மணிக்கட்டுச் சுணக்கம். பந்து போகும் இடத்தில் ‘தூரம்’ என்றே எழுதிவிட்டேன், அதனால் கிடைவீச்சோடு மோதாது. திறன் எல்லாம் வலு ஆகிவிட்டது. அந்த வசனம் இப்போது இப்படி: “ஓங்கலின் உச்சியில் அவசரப்படாமல், இடுப்பைத் திருப்பி வீச்சைத் தொடங்குக; கை பின்னால் வரட்டும்.” விளையாட்டின் பெயரில் கை வைக்கவில்லை. மன்னியுங்கள் மாஸ்டர்.

காரைதீவிலிருந்து:

அச்சாகட்டும். இரண்டாம் பதிப்பு வரும்போது ஓக்கத்தோடு மீண்டும் வருவேன். ஆய்தத்துக்கும் இன்னும் பதில் வரவில்லை.