மங்கி ஐலண்ட் ஸ்பெஷல் எடிஷன்: பழைய படத்துக்கு மாத்தினா குரல் போயிடுது

கப்பல்காரன்:
மங்கி ஐலண்ட் கணினி ஆட்டத்தைப் புதுசா வரைஞ்சு குரல் சேர்த்து விட்ட பதிப்புல, எஃப்10 அழுத்திப் பழைய பிக்சல் படத்துக்குப் போனா பேச்சு சுத்தமா நின்னு எழுத்து மட்டும் வருது. பழைய படமும் வேணும், குரலும் வேணும். எந்த செட்டிங்? அவசரம்.

முத்தலைக்குரங்கு:
முதல் பாகமா, ரெண்டாவதா? கணினியா, கன்சோலா?

ஒலிப்பெட்டி:
விண்டோஸ்ல ஸ்பீக்கர் 5.1னு இருந்தா ஸ்டீரியோவுக்கு மாத்துங்க. பேச்சு நடு ஸ்பீக்கருக்குப் போயிருக்கும்.

பிக்சல்பித்தன்:
எஃப்10னு எழுதியிருக்காரு, கணினிதான். படிச்சிட்டுக் கேக்கலாமே. ஸ்பீக்கர் காரணம்னா புதுப் படத்துலயும் குரல் வரக்கூடாது. இது பழுதே இல்ல. 2009ல வந்த முதல் பாகத்துல பழைய படத்துக்குக் குரலே வைக்கல. 2010ல வந்த ரெண்டாவதுல ரெண்டும் சேர்ந்து வரும். தேடியிருந்தா இங்கயே கிடைச்சிருக்கும்.

முத்தலைக்குரங்கு:
முதல் பாகம்னா வழி இருக்கு. ரசிகர் செஞ்ச 'அல்டிமேட் டாக்கி எடிஷன்' கருவி, உங்ககிட்ட இருக்கிற ஸ்பெஷல் எடிஷன்லேருந்து குரலை எடுத்துப் பழைய டாஸ் ஆட்டத்துல சேர்க்கும். அதுக்கு மங்கி1.பாக் கோப்பும் ஆடியோ ஃபோல்டரும் வேணும். ரெண்டையும் வேற ஃபோல்டருக்கு நகலெடுத்து அங்க ஓட்டுங்க, அசல் இடத்துல வேணாம். முடிஞ்சதும் 'மான்ஸ்டர்'னு தொடங்குற பெரிய கோப்பு வந்திருக்கான்னு பாருங்க. குரல் மொத்தமும் அதுலதான். அது இல்லாட்டியும் ஆட்டம் திறக்கும், ஆனா ஊமையா ஓடும். அப்புறம் ஸ்கம்விஎம்ல (பழைய ஆட்டங்களை இப்பத்திக் கணினியில ஓட்டுற நிரல்) அந்த ஃபோல்டரைச் சேருங்க. அப்பவும் சத்தமில்லைன்னா கன்ட்ரோல்+டி (T) அழுத்துங்க. 'எழுத்து மட்டும்'ல நின்னிருக்கும்.

பிக்சல்பித்தன்:
ஸ்கம்விஎம்ல ஆஸ்பெக்ட் ரேஷியோ (படத்தோட அகல-உயர விகிதம்) திருத்தத்தை அணைச்சிடுங்க. 1080 வரித் திரையில 200 வரியை முழுசா இழுத்தா 5.4 மடங்கு. பிக்சல் ஒண்ணு குட்டை, ஒண்ணு நெட்டை. 1600x1000ல சரியா 5 மடங்கு, சுத்தமா இருக்கும்.

நீலத்திரை:
சுத்தமா இருக்கும், ஆனா ஆட்டத்தோட நாயகன் கைபிரஷ் குள்ளமாத் தெரிவான். 320x200 படம் அந்தக்கால மானிட்டர்ல 4:3 முழுக்க நிரம்பும், அதாவது 320x240 அளவு உயரம். பழைய படம் பிடிச்சுதானே இவ்வளவு மெனக்கெடுறோம், அதை ஏன் நசுக்கணும்?

பிக்சல்பித்தன்:
1080 வரியில உங்க பிக்சல் நெளியுதே, அது மட்டும் பழைய படமா?

நீலத்திரை:
1440 வரித் திரையில 1600x1200 அப்படியே உக்காரும். அகலம் 5 மடங்கு, உயரம் 6. 1080ல லேசா மங்கலாக்குற ஃபில்டர் போட்டா நெளிவு கண்ணுல படாது. கன்ட்ரோல்+ஆல்ட்+ஏ அழுத்தி ரெண்டையும் பாத்துட்டு அவரே முடிவு பண்ணட்டும்.

ஒலிப்பெட்டி:
கேட்டவர் எங்க?

கப்பல்காரன்:
முதல் பாகம்தான். இப்ப பேசுது, நன்றி. என் சேவ் மட்டும் வரல.

முத்தலைக்குரங்கு:
வராது. ஸ்பெஷல் எடிஷன் சேவை ஸ்கம்விஎம் படிக்காது. முதல்லேருந்துதான் ஆடணும்.