நொட்டேஷன் மென்பொருளில் ஸ்கோர் எழுதி, ஆர்கெஸ்ட்ரா சாம்பிளை (நிஜ வாத்தியங்களைப் பதிவு செய்த ஒலிகள்; அவற்றின் தொகுப்புதான் லைப்ரரி) வாசிக்க வைத்தவர்களே, மறக்க முடியாத ஒரு தருணம் சொல்லுங்கள்

பாஸ்பாண்டி
கீஸ்விட்ச் (தான் ஒலிக்காமல் வாசிப்பு முறையை மட்டும் மாற்றும் நோட்), எக்ஸ்பிரஷன் மேப் (ஸ்கோரில் உள்ள எந்தக் குறிக்கு எந்தக் கீஸ்விட்ச் என்ற பட்டியல்) எல்லாம் தெரிந்தவர்கள்தான் இங்கே இருப்பீர்கள், நேரே விஷயத்துக்கு வருகிறேன். கான்ட்ராபாஸுக்கு 'பிஸ்.' (பிஸ்ஸிக்காட்டோ, தந்தியை விரலால் பிடுங்குவது) என்று எழுதிய இடத்தில் எல்லாம் ஒரு நடு சி கீச்சென்று கேட்டது. வில்லாலேயே வாசிக்கிறது, பிஸ்ஸிக்காட்டோவுக்கு மாறவே இல்லை. ஸ்கோரில் அப்படி ஒரு நோட்டே கிடையாது. விஷயம் என்னவென்றால், நடு சி-யை, அதாவது மிடி எண் (கணினி நோட்டுக்குக் கொடுக்கும் எண்) 60-ஐ, லைப்ரரிக்காரன் சி3 என்கிறான், மென்பொருள் சி4 என்கிறது. பாஸ் என்பதால் கீஸ்விட்ச்சை வாசிப்பு எல்லைக்கு மேலே, அவர்கள் கணக்கில் சி4-இல் வைத்திருந்தார்கள். மேப்பில் சி4 என்று கொடுத்ததும் அது ஒரு ஆக்டேவ் கீழே இறங்கி, பாஸ் வாசிக்கக்கூடிய இடத்தில் வந்து விழுந்தது. அந்தக் கீச்சு இன்னும் காதில் இருக்கிறது.

மெல்லிசைமணி
எனக்கு ஹார்ன். நாலு பார் நீளத்துக்கு ஒரே நோட், பிபி-யிலிருந்து (மிக மெல்ல) எஃப்எஃப் (மிகப் பலமாக) வரை ஹேர்பின், அதாவது சத்தம் ஏறும் குறி. இயக்குநர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். சத்தம் ஏறுகிறது, ஆனால் ரேடியோ வால்யூமைத் திருகின மாதிரி ஏறுகிறது. கடைசியில் வர வேண்டிய அந்தப் பித்தளைக் கரகரப்பு வரவே இல்லை. "சார், ஹார்ன்காரர் தூரத்துல இருந்து நடந்து வராரா?" என்று கேட்டார். மென்பொருள் ஹேர்பினை சிசி11 என்ற மிடி கட்டுப்பாட்டு எண்ணாக அனுப்பிக்கொண்டிருந்தது. லைப்ரரியில் மெல்லிய சாம்பிளிலிருந்து பலத்த சாம்பிளுக்கு மாற்றுவது சிசி1. அதில் அசைவே இல்லை. சிசி11-ஐ நம்பாதீர்கள்.

பாளை_ஆர்கன்
மணி அண்ணே, சிசி11 மேல் பழி போடாதீங்க. அது சத்தத்தைக் கூட்டிக் குறைப்பதற்கு, தொனியை மாற்றுவது அதன் வேலையே இல்லை. இரண்டும் சேர்ந்துதான் போக வேண்டும். குறுகிய நோட்டுக்கு வெலாசிட்டி (நோட்டை அடிக்கும் பலம்), நீண்ட நோட்டுக்கு சிசி1 என்று பிரித்துக் கொடுத்தால் தீர்ந்தது. என் கதை சின்னது. கிறிஸ்துமஸுக்கு கொயர் ஒத்திகை, பின்னணிக்கு மியூஸ்ஸ்கோர் என்ற நொட்டேஷன் மென்பொருள். வயலின் நோட்டின் தண்டில் மூன்று கோடு போட்டிருந்தேன், ட்ரெமொலோ, அதாவது ஒரே நோட்டை வில்லால் நடுங்க வைப்பது. வேகமோ ரொம்பக் குறைவு. ட்ரெமொலோ சாம்பிளுக்குப் போகாமல் ஒரே நோட்டை எண்ணி எண்ணி அடித்தது, தட தட தட தட. ஆல்ட்டோ வரிசையில் ஒரு அக்கா சிரிக்க ஆரம்பித்தார். அன்றைக்கு அதற்கு மேல் யாரும் பாடவில்லை.

அரைச்சுரம்
நான் செய்தது விபரீத ஆசை. சோலோ வயலின் சாம்பிளில் மாயாமாளவகௌளை. ஸ-விலிருந்து சுத்த ரிஷபத்துக்கு ஒரு வழுக்கல், அவ்வளவுதான் கேட்டேன். சிபேலியஸ் மென்பொருளில் அலைக்குறி (~) போட்டு எழுதும் மிடி கட்டளை தெரியுமில்லையா, பிட்ச் பெண்டுக்கு (சுருதியை வளைப்பது) 64 என்றால் நடுநிலை, 96 என்றால் ஒரு அரைச்சுரம் மேலே. அந்தக் கணக்கு பெண்ட் எல்லை இரண்டு அரைச்சுரமாக இருந்தால்தான். அந்த லைப்ரரியில் பன்னிரண்டு. வயலின் ஸ-விலிருந்து கிளம்பி நேராக ஆறு அரைச்சுரம் தள்ளிப் பிரதி மத்தியமத்தில் போய் நின்றது. அப்பா அடுத்த அறையிலிருந்து "யாருடா அது?" என்றார்.

பழைய_அரேஞ்சர்
எனக்கும் 'ஆர்கோ' (மறுபடி வில்லால் வாசி) என்று எழுத விட்டுப்போய் ஒரு பகுதி முழுக்க செல்லோ பிடுங்கியே வாசித்த கதை உண்டு, அதை விடுங்கள். தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன். புது லைப்ரரி வாங்கினால் முதலில் ஒரு பக்கச் சோதனை ஸ்கோர் எழுதுங்கள்: ஹேர்பினோடு நீண்ட நோட், ஸ்டக்காட்டோ (வெட்டி வெட்டி வாசிப்பது), பிஸ்., ஆர்கோ, ட்ரெமொலோ. மேப்பை அதில் சரிசெய்த பிறகுதான் சொந்த இசை. அப்புறம், லெகாட்டோ (நோட்டுகளை இணைத்து வாசிக்கும்) வயலின் சாம்பிள் பெரும்பாலும் பின்தங்கும், சில லைப்ரரிகளில் 100 மில்லிசெகண்டுக்கு மேலேயே. அதற்காக நோட்டை முன்னால் நகர்த்தி எழுதாதீர்கள், ஸ்கோர் நாசமாகும். அந்த டிராக்குக்கு மைனஸ் டிலே (சற்று முன்னதாகவே ஒலிக்கச் செய்வது) கொடுங்கள். நோட்பெர்ஃபார்மர் என்ற பிளேபேக் மென்பொருள் ஒரு நொடி முன்னாலேயே ஸ்கோரைப் படித்துவிடுவதால் இந்தத் தொல்லை அதில் இல்லை. ஆனால் பிளே அழுத்தினால் ஒரு நொடி கழித்துத்தான் சத்தம் வரும், பதறக் கூடாது. முக்கியமாக, சாம்பிள் நன்றாகக் கேட்க வேண்டும் என்று அச்சுக்குப் போகும் ஸ்கோரில் இல்லாத பொல்லாத டைனமிக்ஸ் (சத்த அளவுக் குறிகள்) எழுதாதீர்கள். நாளைக்கு நிஜ வாத்தியக்காரர் அதையே வாசித்துத் தொலைப்பார். பிளேபேக்குக்கு மறைத்து வைத்த தனி ஸ்டாஃப் (ஐந்து கோட்டு வரி) போதும்.

மெல்லிசைமணி
ஐயா, எல்லாம் சரி. பாளை சொன்னதற்குப் பதில்: நான் பழி போட்டது சிசி11 மேல் இல்லை, முன்கூட்டியே அமைத்து வந்த மேப் மேல். இயக்குநருக்கு முன்னால் அந்த வித்தியாசத்தை நீங்கள் விளக்கிப் பாருங்கள்.

பாஸ்பாண்டி
நான் தீர்வே கேட்கவில்லை, பாஸ் சரியாகி நாளாச்சு. ஹார்ப்பில் பெடல் (எந்தச் சுரங்கள் ஒலிக்கும் என்பதை முடிவு செய்வது) குறித்துக் கொடுத்த கிளிசாண்டோ (தந்திகளை வழித்துக்கொண்டு போவது) யாருக்காவது ஒழுங்காகக் கேட்கிறதா? எனக்கு இன்னும் எல்லா அரைச்சுரத்தையும் வழித்துக்கொண்டுதான் போகிறது.