மஞ்சள் காவிக்கல்லில் ஹேமடைட் உச்சிகள்: எங்கே பிசகு?

காவிப்பித்தன்:
வணக்கம். தென்னாப்பிரிக்கக் குகை ஒன்றின் இடைக் கற்கால அடுக்கில் கிடைத்த காவித் துண்டு. ஒரு முகம் சிவப்பு, மறுமுகம் நல்ல மஞ்சள். மஞ்சள் பக்கத்தில் ராமன் நிறமாலை (லேசர் ஒளி சிதறுவதை வைத்துக் கனிமத்தை அடையாளம் காணும் முறை) எடுத்தால், மஞ்சள் இரும்புக் கனிமமான கோத்தைட்டின் 385 cm⁻¹ உச்சி வர வேண்டும். வருவதோ 225, 292, 411, கூடவே 1320-இல் பெரிய மேடு. அப்பட்டமான ஹேமடைட், அதாவது சிவப்பு இரும்பு ஆக்சைடு! 532 நானோமீட்டர் லேசர், 50 மடங்கு லென்ஸ், 10 மில்லிவாட். சிலிக்கான் துண்டை வைத்துச் சரிபார்த்தேன், கருவி சரியாகத்தான் காட்டுகிறது. மஞ்சளைச் சுட்டுச் சிவப்பாக்கினார்கள் என்று எழுதலாமா?

லேப்வாசி:
சுட்டது உங்கள் லேசர் தம்பி. கோத்தைட் 250–300 டிகிரியிலேயே நீரை இழந்து ஹேமடைட் ஆகிவிடும். பச்சை ஒளியை அது நன்றாக விழுங்கும். 10 மில்லிவாட்டை ஒரு மைக்ரான் புள்ளியில் குவித்தால் கேட்கவே வேண்டாம். ஒளி வடிகட்டி போட்டு 0.5 மில்லிவாட்டுக்குக் கீழே இறக்குங்கள், எடுக்கும் நேரத்தைக் கூட்டுங்கள். அதையும் முதலில் கோத்தைட் பொடியில் பழகிவிட்டுச் செய்யுங்கள். தொல்பொருளில் விழுந்த புள்ளி திரும்ப மஞ்சளாகாது.

காவிப்பித்தன்:
நுண்ணோக்கியில் பார்த்தேன், குட்டிச் சிவப்புப் பொட்டு! வேறு இடத்தில் 0.3 வைத்ததும் 385 வந்துவிட்டது. ஆனால் சிவப்பு முகம் ஹேமடைட்தான், 660 அருகே ஒரு பட்டையும் இருக்கிறது. அது சுட்டதற்கு அடையாளம்தானே சார்?

மண்ணடுக்கு:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். 660-ஐ மட்டும் நம்ப வேண்டாம், படிக ஒழுங்கு குலைந்த இயற்கை ஹேமடைட்டிலும் அது வரும். எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ்-கதிரால் படிக அமைப்பைப் பார்க்கும் முறை) ஹேமடைட்டின் 104 என்ற படிகத் தளத்தின் கோடு அகன்று, 110 தளத்தின் கோடு கூர்மையாக இருந்தால், அது சூட்டில் கோத்தைட்டிலிருந்து வந்திருக்கலாம்; அதுவும் தனிச் சான்று ஆகாது.

சூடு பட்டது உறுதியானாலும், வேண்டுமென்றே சுட்டார்களா என்பது வேறு கேள்வி. தென்னாப்பிரிக்காவின் சிபுடு குகையில் ஆய்வு செய்த தொல்லியலாளர் லின் வாட்லி, மஞ்சள் காவியை மண்ணில் புதைத்து மேலே தீ மூட்டிப் பார்த்து 2009-இல் எழுதினார். அடியில் கிடந்ததும் சிவந்தது. உங்கள் துண்டுக்கு மேல் அடுப்பு ஏதும் உண்டா?

காவிப்பித்தன்:
அகழாய்வுக் குறிப்பில் சாம்பல் அடுக்கு இருக்கிறது. எந்த முகம் மேலே இருந்தது என்று குறிக்கவில்லை.

மண்ணடுக்கு:
அப்படியானால் இப்போதைக்கு 'சூடு பட்டிருக்கலாம்' என்பதோடு நிறுத்துங்கள். சிவப்பு முகத்தில் தேய்த்த கீறல்கள் உண்டா? சாய்வொளியில் பாருங்கள். சிவப்புத் தோலைக் கிழித்து அடியில் மஞ்சள் தெரிந்தால், சிவந்தது முதலில், தேய்த்தது பிறகு. கீறலின் அடியும் சிவப்பாகவே இருந்தால், அடுப்பின் மீதான சந்தேகம் தீராது.